ஓட்டமும் உழவாரமும்

ரயில் ஓடுகிறது; அதனை ஓட்டுகிறவரும் உடன் ஓடுகிறார்; ஆனால் அந்த ரயிலுக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். காலையில் நாற்காலியில் அமர்ந்தால் மாலை வரையில் கோப்புகளே அவருக்கு உலகம். முன்பு காகிதக் கோப்பு. இப்பொழுது கணினித் திரை. கோப்பு மாறியதே ஒழிய முதுகு வலி மாறவில்லை. முப்பது வயதைத் தாண்டியதும் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்னும் இரு விருந்தாளிகள் அழையாமலே எங்கள் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிவிடுகின்றனர்.

தில்லி மாநகரில் ரயில்வே குடியிருப்பிலும் அதனையடுத்த வாடகை ஜாகைகளிலும் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தார் நாங்கள். எங்களுள் பெரும்பாலோர் பத்தாம் வகுப்புத் தேறியதும் கீழ்நிலை ஊழியராய்ச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வெழுதிக் குமாஸ்தா நாற்காலியை எட்டியவர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டச் சம்பளம் இடங்கொடாது. பூங்காவைச் செக்கு மாடுபோல் சுற்றி வரலாமென்றாலோ, ஒரு மாதத்துக்குள் அலுப்புத் தட்டிவிடுகிறது. ஓட்டத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டும். போன இடத்தில் நமக்கென ஒரு வேலை காத்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போர்வையை உதறி எழ மனம் வரும்.

இவ்வெண்ணத்தோடு மூன்று ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு பேர் தொடங்கியதே எங்கள் ஞாயிறு ஓட்டம். குடியிருப்பு வாயிலில் காலை ஆறு மணிக்குக் கூடுவோம். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொதுப் பூங்காவுக்குக் கூட்டமாக ஓடுவோம். அங்கு முக்கால் மணி நேரம் மண்வெட்டியும் கூடையுமாக உழைப்போம். பிறகு ஓடியே வீடு திரும்புவோம். இவ்வளவே ஏற்பாடு.

இம்முறையை நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனில் ஐவோ கார்ம்லி என்பவர் 'குட்ஜிம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். உடற்பயிற்சிக் கூடத்தில் செலவாகும் உடல் வலிமையை அண்டை அயலாருக்குப் பயன்படச் செய்யலாகாதா என்பதே அதன் அடிப்படை. அதில் சேர்ந்தோர் கூட்டமாக ஓடிச் சென்று, பொதுத் தோட்டங்களில் மண் சுமந்தும் களை பறித்தும் விட்டு, ஓடித் திரும்புவர். தனித்து வாழும் முதியோரை ஓட்டத்தின் போக்கில் கண்டு நலம் விசாரிப்போரும் உண்டு. 2016-இல் சுவீடன் நாட்டில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர், ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் பழக்கத்தைப் பரப்பினார். 'பிளாகிங்' என்பது அதன் பெயர். நம் நாட்டிலும் 2019 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் 150-ஆவது பிறந்த நாளையொட்டி, அரசே அத்தகைய ஓட்டத்தை நடத்திற்று.

பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் பழையது. திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்திய கையினராய்த் தலந்தோறும் நடந்து, கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துக் காத்தார். குழுவாக ஊர் ஊராய்ச் சென்று உழவாரப் பணி புரிவோர் தமிழ்நாட்டில் இன்றும் உளர். அலுவலகத்தார் கண்டால் என்ன நினைப்பரோ என்று கூடை தூக்கக் கூசிய எங்களுள் சிலருக்கு, அப்பர் பெருமானை நினைவூட்டியதும் கூச்சம் அகன்றது.

எங்கள் கூச்சம் அகன்றதே தவிர, பூங்காத் தோட்டக்காரரின் ஐயம் அகலவில்லை. அவர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர், ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறுபவர், ஐம்பது வயதிருக்கும். மரக்கன்றுகளோடு வந்து, நட்டு, படம் பிடித்துக்கொண்டு மறைந்துபோகும் கூட்டங்கள் பலவற்றை அவர் கண்டிருக்கிறார். ஆகவே அவர் எங்களிடம் இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாபுஜி, மழைக் காலத்தில் எல்லோரும் வருகிறார்கள். ஜேட் மாதத்தில் வருவீர்களா?"

ஜேட் என்பது நம் வைகாசி, ஆனியை ஒட்டி வரும் வடநாட்டு மாதம். தில்லியில் அப்பொழுது வெயில் 45 டிகிரியைத் தொடும் நாள்களுண்டு. 'லூ' என்னும் அனற்காற்று முகத்தில் அறையும். ஆடி, ஆவணி மழையில் நட்ட கன்று அடுத்த ஜேட் மாதத்தைக் கடந்தாலன்றிப் பிழைத்ததென்று சொல்வதற்கில்லை. நம் சென்னையிலும் தஞ்சையிலும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும். தில்லிக்கோ ஆவணி, புரட்டாசியோடு மழை பெரும்பாலும் முடிந்துவிடும். ஊர் மாறினால் பஞ்சாங்கமும் மாறும் என்பதை அத்தோட்டக்காரரிடமே நாங்கள் கற்றோம்.

சில வாரங்கள் பழகிய பிறகு அவர் இரண்டாவது ஐயத்தையும் வாய்விட்டுச் சொன்னார். "நீங்கள் காசில்லாமல் இவ்வளவும் செய்துவிட்டால் எனக்கு எதற்குக் கூலி கொடுப்பார்கள்?" இக்கேள்வி எங்களை உலுக்கிவிட்டது. அதற்கேற்ப ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர், வேலியோரச் செடிகளைக் கத்தரிப்பதையும் பாதை பெருக்குவதையும் நாங்களே வாரந்தோறும் செய்துவிட்டால் ஓர் ஆளைக் குறைக்கலாம் என்று எங்கள் காதுபடவே பேசினார். தொண்டு என்னும் பெயரால் ஓர் ஏழையின் வயிற்றில் அடிக்கலாமா? அன்று மாலையே கூடிப் பேசி முடிவெடுத்தோம். தோட்டக்காரரின் அன்றாட வேலை எதிலும் கை வைப்பதில்லை. தனி ஒருவரால் இயலாத வேலையை மட்டும், அதுவும் அவர் சொன்னபடி செய்வது. ஆள் குறைக்கப்படும் நாளில் எங்கள் ஓட்டம் அந்த வாயிலைக் கடந்து வேறிடம் போய்விடும் என்று ஒப்பந்தக்காரரின் ஆளிடமும் தெளிவாகச் சொன்னோம். ஆள் குறைக்கப்படவில்லை.

இவ்வாறு எங்களுக்கென மூன்று வேலைகள் அமைந்தன.

முதலாவது, இலைக்குழி. மாசி, பங்குனியில் வேம்பும் அரசும் இலையுதிர்க்கும். குவித்துக் கொளுத்துவதே பழைய வழக்கம். அப்புகையைத் தடுக்கவே 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் இலையும் குப்பையும் எரிப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் என ஆணையிட்டது. நாங்கள் மூன்றடி ஆழத்தில் குழி தோண்டி, சருகை அடுக்கி, இடையிடையே மண்ணும் சாணமும் தூவி, நீர் தெளித்து, மாதம் ஒரு முறை புரட்டிவிடுகிறோம். ஆறு மாதத்தில் சருகு கறுத்துப் பொலபொலவென்று உதிரும் எருவாகிவிடுகிறது.

இரண்டாவது, மரத்தடிச் சிமெண்டை அகற்றுதல். பாதை போடுவோர் அடிமரம் வரையில் சிமெண்டால் மூடிவிட்டால் வேருக்கு நீரும் காற்றும் எட்டா. தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குச் சிமெண்டு இருக்கலாகாது என்று அதே தீர்ப்பாயம் 2013-இல் கட்டளையிட்டது. உரிய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி பெற்று, அவர்கள் ஆள் உடைத்துப் போட்ட கல்லை நாங்கள் கூடையில் சுமந்து அகற்றினோம். அனுமதி இன்றியமையாதது. நம் சீமைக் கருவேலத்தையே இங்கு 'விலாயதி கீகர்' என்கின்றனர். ஊர்ப்பகை நினைவில் அதனை வெட்டிவிட எங்களுள் சிலருக்குக் கை துடித்ததுண்டு. ஆனால் 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி மரம் வெட்டுதல் குற்றம்.

மூன்றாவது வேலை, நீர் சுமத்தல். பூங்காவின் கடைக்கோடிக்குக் குழாய் இல்லை. தொட்டியிலிருந்து வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு சேர்க்கிறோம். வாரத்துக்கு ஒரு நாள் நீர் போதாதென்பதால், வேனிற் காலத்தில் வார நாள்களிலும் இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டோம்.

இந்நிலையில், பணி ஓய்வு பெற்று மகனோடு வசிக்கும் பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார்: "தம்பிகளே, உங்களில் பாதிப் பேருடைய மாற்றல் மனு தெற்கு ரயில்வேயில் காத்துக் கிடக்கிறது. நாளைக்கே உத்தரவு வந்தால் மூட்டை கட்டுவீர்கள். பிறகு இந்த மண்ணில் மரம் வைத்து யாருக்கு நிழல்?"

அவர் சொன்னது முற்றும் உண்மை. சொந்த விருப்பத்தின்பேரில் மாற்றல் கேட்டால் பணிமூப்பை இழக்க நேரிடும் என்று அறிந்தும், தாய் தந்தையரை எண்ணி மனு எழுதியவர்கள் நாங்கள். ஆண்டுகள் பல கழிந்தும் உத்தரவு வராதார் உண்டு. ஒரு கால் இங்கும் ஒரு கால் ஊரிலுமாக நிற்பவனுக்கு, குடியிருக்கும் தெருவும் ரயில்வே நடைமேடை போலவே தோன்றும். அண்டை வீட்டார் பெயரும் அவனுக்குத் தெரியாது. தெருக் குழாய் ஒழுகினாலும் அவன் மனத்தில் உறைக்காது. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு அவ்வாறே கழிந்துவிடுகிறது. அவன் பிள்ளைகளோ இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, ஊர் எது என்று கேட்டால் விழிக்கின்றனர்.

தில்லிப் பெருஞ்சாலைகளில் வரிசையாய் நின்று நிழல் தரும் நாவல் மரங்களை நம் அன்பர் பலர் அறிவர். 1911-இல் தலைநகரம் இங்கு மாறுமென அறிவிக்கப்பட்டதன் பின், புது நகரம் அமைந்தபோது திட்டமிட்டு நடப்பட்டவை அவை. திட்டம் தீட்டியோர் கடல் கடந்து தம் நாடு போய்ச் சேர்ந்தனர். குழி வெட்டிய கூலியாளின் பெயரை எழுதி வைத்தவர் இல்லை. ஆயினும் ஆனி, ஆடியில் அம்மரத்தடியில் நாவற்பழம் பொறுக்கும் குழந்தைக்கு அதனால் குறைவொன்றுமில்லை. பெரியவருக்கு இதனையே விடையாகச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் கைத்தடியோடு நடந்தே பூங்காவுக்கு வந்து சேர்ந்தார்.

எனினும், போகிறவர் போனால் கன்றுக்கு நீர் யார் ஊற்றுவது என்னும் கேள்வி எஞ்சி நின்றது. குமாஸ்தாக்கள் நாங்களன்றோ? அதற்கும் ஒரு பதிவேடு போட்டோம். குடும்பத்துக்கு இரண்டு கன்று. ஓடி வந்தோர், நடந்து வந்தோர், நீர் ஊற்றினோர் என மூன்று பத்திகள். எங்கள் இல்லத்துப் பெண்மணி ஒருவர் அதனை ஒரு வாரமும் விடாது எழுதிவருகிறார். ஊரைவிட்டுப் போகிறவர், அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைப்பது போலவே, தம் கன்றுகளை வேறொருவரிடம் ஒப்படைத்துக் கையொப்பமிட வேண்டும். சென்ற ஆண்டு எங்களுள் ஒருவருக்குத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. அவர் தம் இரு கன்றுகளையும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிச் சிறுவனிடம் ஒப்படைத்துச் சென்றார். இப்பொழுது அச்சிறுவனின் பெற்றோரும் எங்களோடு ஓடுகின்றனர். கடிதம்போல் அவ்வப்போது கன்றின் படம் திருச்சிக்குப் போகிறது.

ஓட்டத்துக்கும் எல்லை உண்டு. ஐப்பசிக்கு மேல் தில்லியின் காற்று கெட்டுவிடும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்று அரசே அறிவிக்கிறது. அந்நாள்களில் ஓடுவது நஞ்சை வலிய இழுத்து நெஞ்சில் நிரப்புவதாகும். ஆதலின் அப்பொழுது ஓட்டத்தை நிறுத்திவிடுகிறோம். காலையினும் நடுப்பகலுக்குப் பின் காற்று சற்றுத் தெளிவதால், நீர் ஊற்றும் முறை யாருடையதோ அவர் மட்டும் முகக்கவசம் அணிந்து பிற்பகலில் நடந்து சென்று வருவார். குழந்தைகளையும் இழுப்பு நோயுள்ளோரையும் அழைப்பதில்லை.

முதல் ஆண்டில் நட்ட கன்றுகள் இருபது. இரண்டு வேனிற்காலங்கள் கடந்தபோது பதினான்கு நின்றன. மற்றவற்றுள் மாடு கடித்தவை இரண்டு. வெயிலில் கருகியவை நான்கு. இப்பொழுது வேம்பு ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. நாவல் தோளை எட்டியிருக்கிறது. எங்களுள் இருவருக்குச் சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். சென்ற ஜேட் மாதத்தில் தோட்டக்காரர் எங்களிடம் கேள்வி ஏதும் கேட்கவில்லை. நாங்கள் போய்ச் சேருமுன்பே தொட்டியை நிரப்பி, பானையில் குடிநீரும் வைத்திருந்தார்.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் நாகபுரியிலும் பிற ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் இதனை எளிதில் தொடங்கலாம். ஆறு பேர் போதும். யாவர்க்கும் பின்னால் வருகிறவரின் வேகமே கூட்டத்தின் வேகமாக இருக்கட்டும். ஓட இயலாதோர் நடந்து வரட்டும். நெஞ்சு நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். கன்று வாங்குமுன் தோட்டக்காரரைக் கேளுங்கள். மண்ணைத் தொடுமுன் உரியவரிடம் அனுமதி பெறுங்கள். பிறந்த ஊரை மறக்க வேண்டுவதில்லை. மாற்றல் மனுவைத் திரும்பப் பெறவும் வேண்டுவதில்லை. உத்தரவு வரும்வரையில் உண்ணும் சோறும் பருகும் நீரும் இம்மண்ணினுடையவை. அம்மண்ணுக்கு வாரத்தில் முக்கால் மணி நேரம் கொடுத்தல் நமக்கு ஒரு பாரமாகாது.