அம்மா வைத்த விறகு

புகைபோக்கிக்குள் தீப்பிடித்த அன்று, அடுப்பில் கடைசியாக விறகு வைத்தவர் என் அம்மா. இரவு பத்து மணியிருக்கும். கால் விறைக்கிறது என்று தானே எழுந்துபோய், கண்ணாடிக் கதவைத் திறந்து, ஒரு மேப்பிள் கட்டையை உள்ளே தள்ளிவிட்டு வந்து படுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. "நான் ஒரு விறகு கூட வைச்சிட்டன்" என்று அன்றைக்கே சொன்னார். வருகிற உறவுகளிடம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். அந்தத் தீ அவருடைய விறகால் வந்ததல்ல. அதற்கு நாலு மாதத்துக்கு முன்பிருந்தே நான் செய்துவந்த காரியங்களால் வந்தது.

மொன்றியலின் மேற்குப் பக்கத்தில், பியர்ஃபொனில் எங்கள் வீடு. எழுபதுகளில் கட்டியது. இருக்கும் அறைச் சுவரில் செங்கல்லால் கட்டிய திறந்த கணப்பு ஒன்று உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதற்குள் பூச்சாடிதான் இருந்தது. 2023 ஏப்ரல் 5ஆம் திகதி உறைமழை பெய்து மரங்கள் முறிந்து கம்பிகளில் விழுந்தன. கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. இங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சூடு தருவதும் மின்சாரம்தான். இரண்டாம் நாள் அம்மாவின் உதடு நீலம் பாரித்ததைக் கண்டு பூச்சாடியைத் தூக்கிவிட்டுக் கணப்பை மூட்டினேன். 2018 ஒக்டோபரிலிருந்து, மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடுகிற விறகு அடுப்புகளை மொன்றியல் நகரம் தடைசெய்திருக்கிறது. மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. அந்த விலக்கில்தான் மூட்டினேன்.

பெரிய நெருப்பு. ஆனால் வீடு இன்னும் குளிர்ந்தது. "முகம் சுடுது, முதுகு விறைக்குது" என்றார் அம்மா. திறந்த நெருப்பு, எரியத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை அறைக்குள்ளிருந்து இழுத்துப் புகையோடு மேலே அனுப்பிவிடும். அந்த இடத்தை நிரப்பக் கதவு யன்னல் இடுக்கெல்லாம் வெளிக்குளிர் உள்ளே வரும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு வீட்டில் தங்கினாலே அதிகம். அந்த இரவில்தான் இன்சேர்ட் வாங்குவது என்று முடிவெடுத்தேன். செங்கல் கணப்பின் வாய்க்குள் செருகி வைக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு அது. காற்றை அளந்து உள்ளே விடும், புகையையும் எரிக்கும். சூட்டில் எழுபது வீதமளவு வீட்டுக்குக் கிடைக்கும்.

நினைத்தது சரி. தேர்ந்தெடுத்த விதம்தான் பிழை. கடையில் நின்ற பெண் மூன்று கேள்விகள் கேட்டார்: எவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக்க வேண்டும், புகைபோக்கி எப்படி, விறகு எத்தனை மாதம் காய்ந்தது. மூன்றுக்கும் மேலோட்டமாகப் பதில் சொன்னேன். என் கண் சுவரோரம் இருந்த பெரிய அடுப்பிலேயே நின்றது. அகலமான கண்ணாடி, சுவரோடு ஒட்டிய முகப்பு. தீபாவளிக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்கப்போவதை அங்கேயே கற்பனை செய்துகொண்டேன். பக்கத்தில் இன்னொன்று, சிறியது, வயிறு அறைக்குள் துருத்திக்கொண்டு இருந்தது. "கரண்ட் இல்லாத நேரத்துக்கு இதுதான் உங்களுக்கு உதவும்" என்றார் அந்தப் பெண். சுவருக்குள் முழுவதும் அடங்குகிற அடுப்பின் சூட்டை அறைக்குத் தள்ளுவது மின்விசிறி. துருத்திக்கொண்டிருப்பது விசிறி இல்லாமலும் சூடு வீசும். மின்சாரம் போனதால் அடுப்பு வாங்க வந்த நான், மின்சாரம் வேண்டிய அடுப்பை வாங்கினேன்.

அளவு பெரிதானது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. பெரிய அடுப்பைச் சிறிய இடத்தில் முழு வேகத்தில் எரிக்க முடியாது, வெக்கை தாங்காது. காற்றுவழியைக் குறைத்துக்கொண்டே போவோம். நெருப்பு சுவாலை விடாமல் கனன்று புகையும். அந்தப் புகையில் எரியாத தார் நிறைய இருக்கும். அது குளிர்ந்த சுவரில் பட்டதும் படியும். அதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள்: முதலில் கரித்தூள், பிறகு பிசின், கடைசியில் கறுத்த மெருகு.

அதனால்தான் லைனர். அடுப்பின் கழுத்திலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை போகிற, ஆறு அங்குல விட்டமுள்ள துருப்பிடிக்காத உருக்குக் குழாய். திறந்த கணப்புக்காகக் கட்டிய பழைய களிமண் குழாயின் வாய் இதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அடுப்பிலிருந்து வருகிற கொஞ்சப் புகை அந்த அகலத்துக்குள் போனால் வேகம் இழந்து, குளிர்ந்து, வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் புகைபோக்கி வீட்டுக்கு வெளிச்சுவரில் நிற்கிறது. ஜனவரிக் குளிர் மூன்று பக்கமும் அதைப் பிடிக்கும். கடைக்காரர் தந்த விலைப்பட்டியலில் லைனரும் பூட்டுகூலியும் தனியாக இருந்தன. அடுப்புக்குக் கூடச் செலவழித்தவன் அங்கே கையை இறுக்கினேன். தெரிந்த ஒருவர் மூலம் வந்த மனிதர், "நாலடிக் குழாய் போதும், மிச்சத்துக்குப் பழைய புகைபோக்கி இருக்குத்தானே" என்றார். போதாது என்று எனக்குத் தெரியும். அடுப்போடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்ததை வாசித்திருந்தேன். ஆனாலும் சரி என்றேன். லைனர் கண்ணுக்குத் தெரியாத பொருள். ஒருவரும் அதைப் பார்த்துப் பாராட்டப்போவதில்லை.

மனைவி கேட்டபோது முழு லைனரும் போட்டாயிற்று என்றேன். காப்புறுதிப் படிவத்தில், தகுதிபெற்றவர் விதிப்படி பொருத்தினாரா என்ற கேள்விக்கு ஆம் என்று அடையாளமிட்டேன். இரண்டும் பொய்.

விறகு ஒக்டோபரில் வந்தது. காய்ந்தது என்று விற்றவர் சொன்னார். அம்மாவுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் மாரிக்கு முன் விறகுக் கொட்டிலை நிரப்பி, கங்குமட்டையும் ஊமலும் பூவரசங் கொம்பும் தனித்தனியாக அடுக்கி வைத்து, ஐம்பது வருடம் அடுப்பெரித்தவர் அவர். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். "தம்பி, இது பச்சையடா. காய்ஞ்சதெண்டால் கணீரெண்டு கேக்கோணும். இது தொப்பெண்டு கேக்குது." எரியும்போதும் காட்டினார்: கட்டையின் நுனியில் நுரை தள்ளி, சீறிக்கொண்டு இருந்தது. "அது ஊர் அடுப்பம்மா. இது நகரசபை அனுமதிச்ச அடுப்பு, எதையும் எரிக்கும்" என்றேன். அந்த அனுமதிக்கான கிராம் கணக்கு, ஆய்வுக்கூடத்தில் அளவான ஈரப்பதமுள்ள கட்டைகளை எரித்து எடுத்தது. விறகில் ஈரம் இருபது வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெட்டிப் பிளந்து காற்றாட அடுக்கிய மேப்பிளுக்கே ஒரு கோடை முழுவதும் வேண்டும். என் விறகு அந்தக் கோடையில்தான் மரமாக நின்றிருக்க வேண்டும். நெருப்பின் பலத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போனது. கண்ணாடி ஒவ்வொரு காலையும் கறுத்திருந்தது. நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

2024 ஜனவரியில் அந்த இரவு. முதலில் கேட்டவரும் அம்மாதான். "கூரைக்குள்ள என்னவோ இரையுது" என்றார். தூரத்தில் ரயில் வருவது போல ஒரு சத்தம், நிற்காமல். காற்றுவழியை மூடி, 911ஐ அழைத்து, எல்லோரும் வெளியே ஓடினோம். புகைபோக்கியின் உச்சியில் ஆள் உயரத்துக்குத் தீ நின்றது. உள்ளே ஆயிரம் பாகைக்கும் மேல் போகக்கூடிய சூடு அது. அம்மாவை முன்வீட்டுக்காரர் தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தி அழைத்துப் போனார். வீடு தப்பியது. களிமண் குழாய் நெடுகப் பிளந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் எரிந்திருந்தால் கூரை மரங்களில் பிடித்திருக்கும்.

அம்மா கதவைத் திறந்தபோது காற்றுப் புகுந்து சுவாலை எழுந்திருக்கும், பொறி மேலே போயிருக்கும். அது உண்மை. ஆனால் அங்கே எரிவதற்கு ஒன்றும் இருந்திருக்கக் கூடாது.

தீயணைப்பு அதிகாரி கைவிளக்கோடு குனிந்து பார்த்துவிட்டு, பிரெஞ்சில் கேட்டார்: "லைனர் எங்கே?" இல்லை என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அப்போது முன்வீட்டிலிருந்து திரும்பி வந்து வாசற்படியில் நின்றார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. "என்ன கேக்கிறாங்கள் தம்பி?" என்றார்.

"விறகைப் பற்றிக் கேக்கிறாங்களம்மா" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை நான் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் காப்புறுதிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். நட்டஈடு கேட்கவில்லை. புதுக் குழாய்க்கும் உச்சிவரை லைனருக்கும் நானே கட்டினேன். மனைவி ஆறு மாதம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள், அதுவும் நியாயம். பெரிய அடுப்பைக் கழற்றி விற்றுவிட்டு, வயிறு துருத்திய சிறியதைப் போட்டோம். விறகு இப்போது ஒன்றரை வருடம் முந்தியே வாங்கி, மேலே மட்டும் மூடி, பக்கம் திறந்து அடுக்குகிறேன். ஈரமானியில் பதினேழு காட்டுகிறது. அம்மா இன்னும் தட்டித்தான் பார்க்கிறார். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு அடுப்புக் கதவை அவர் தொட்டதில்லை. குளிர்ந்தால் என்னைக் கூப்பிடுகிறார். நான் வேலைக்குப் போன பகல்களில் போர்வையை இழுத்துக்கொண்டு இருக்கிறார் என்று மனைவி சொன்னாள்.

அவருக்கு இப்போது அச்செழுத்துத் தெரிவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதை நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும்.