குறித்த நாளும் குறித்த வேளையும்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காலத்தின் அருமையைக் கற்பித்தது சுரங்கத்தின் சங்கேயாகும். நேரம் தப்பி வருவோருக்காகக் கேஜ் காத்திராது. எங்கள் தந்தையார் சாம்பியன் ரீஃபில் பணிபுரிந்த காலத்தில் ஷிப்ட் தவறினார் என்ற சொல்லுக்கு இடம் வைத்ததில்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் எங்கள் பொழுதை ஆள்வது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் இரயில். பிழைப்பைத் தேடி அதில் நாள்தோறும் சென்று மீள்வோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் நாங்களும் உண்டு.

முன்னாளில் வீட்டுச் செய்திகளைத் தந்தையார் தினசரிக் காலண்டரின் தாளிலே குறித்து வைப்பார். கணிப்பொறித் தொழிலுக்குச் சென்ற எங்கள் இளவல், 'ஆர்க் மோட்' என்னும் முறையை வீட்டிற்குக் கொணர்ந்தான். கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலறிஞர் 2003-இல் தொடங்கியது அது. வேண்டியதெல்லாம் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றே. அதில் எழுதியவற்றை நாள்வாரியாகத் திரட்டி, அது நிகழ்ச்சி நிரலாகக் காட்டிவிடும்.

கருவி நல்லதே, பிழை எங்களுடையது. பாறைத் தூள் படிந்த மார்பினரான தந்தையாருக்குப் பெங்களூர் மருத்துவர் ஒருவர் நாள் குறித்துத் தந்திருந்தார். அதனை நாங்கள் மணியைச் சேர்க்காமல், தொடங்க வேண்டிய வேலையாகப் பதிந்துவிட்டோம். அந்நாளில் மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், ஒழுகும் குழாய் எனத் தேங்கிய வேலைகளின் நடுவே அதுவும் ஒன்றாய்க் கிடந்தது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்துவிட்டோம். மறுநாட் காலையில், இன்னும் செய்து முடிக்கலாம் என்பதுபோல், அவ்வரி பட்டியலில் மீண்டும் நின்றது. ஆனால், மருத்துவரின் வேளை போய்விட்டது. அடுத்த நாள் கிடைத்ததோ ஆறு வாரங்களுக்குப் பின்னர்.

தந்தையார் சினந்துகொள்ளவில்லை. "நேற்றைய ஷிப்ட்டுக்கு இன்று இறங்க முடியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆறு வாரமும் இரவுதோறும் அவர் இருமும் ஒலியைக் கேட்டவாறே நாங்கள் விழித்துக் கிடந்தோம்.

அதன்பின்னரே அம்முறையின் நுட்பத்தை ஊன்றிக் கற்றோம். அதில் நாட்குறிப்பு மூவகைப்படும். தொடங்க வேண்டிய வேலைக்கு இடும் குறிப்பு, அது முடியுமளவும் நம்மைத் தொடர்ந்து வரும். கெடு நாளுக்கு இடும் குறிப்பு, வேறு ஏற்பாடு செய்யாவிடின், 14 நாள் முன்னதாகவே எச்சரிக்கும். மருத்துவர், நேர்முகத் தேர்வு, திருமணம் போன்றவற்றிற்கு இவ்விரண்டும் பொருந்தா. கோணக் குறிகளுக்குள் ஆண்டு, திங்கள், நாள், மணி இவற்றை மட்டும் எழுத வேண்டும். அது அந்நாளிலேயே நிற்கும், கடந்துவிட்டால் பின்தொடராது. வேளையின் இயல்பும் அதுவேயன்றோ!

ஒரு குறை உண்டு. அவ்வெறுங் குறிப்பு முன்கூட்டி எச்சரிப்பதில்லை. ஆதலின், ஞாயிறு இரவில் வரும் வாரத்தின் நிரலைத் தந்தையார் கேட்க உரக்கப் படிக்கிறோம். பழைய மருந்துச் சீட்டுகளையும் எக்ஸ்ரே படத்தையும் எடுத்து வைப்பதை முதல்நாள் வேலையாகத் தனியே பதிகிறோம். மருத்துவரின் மணியோடு இரயிலின் மணியும் இப்போது எழுதப்படுகிறது.

ஆறு வாரங்கழித்துச் சென்றபோது மருத்துவர் மருந்தை மாற்றினார். தந்தையாரின் மூச்சு சற்றே எளிதாயிற்று. முன்னரே கிடைத்திருக்க வேண்டிய ஆறுதல் அது என்னும் எண்ணம் எங்களை இன்றும் வருத்துகிறது.

கணிப்பொறி இல்லாத இல்லங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வேலைகளுக்கு ஒரு பக்கம், கெடுக்களுக்கு ஒரு பக்கம், தவறவொண்ணா வேளைகளுக்கு ஒரு பக்கம் எனப் பிரித்து எழுதுங்கள். ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பால் உயர்ந்த நம் பெரியோர், குறித்த வேளைக்குச் சுரங்கத்தில் இறங்கி நம்மை வளர்த்தனர். அவர்களுக்குரிய வேளையை நாம் தவறவிடலாகாது.