கோயில் காரும் ஸ்டோர் ரூம் கேனும்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் ரிப்பேருக்குப் பணம் கொடுத்தவங்க தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க, கணக்கும் சொல்லியிருக்கேன்.

நம்ம ஏழு சீட் டீசல் காரை எல்லாருக்கும் தெரியும். நடக்க முடியாத பாட்டி தாத்தாக்களை வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கூட்டிக்கிட்டு வர்றது அதுதான். தைப்பூசத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது அதில் மஞ்சள் விளக்கு எரிஞ்சது. இன்னும் 800 கிலோமீட்டர், அதுக்கப்புறம் என்ஜின் ஸ்டார்ட் ஆகாதுன்னு எழுத்து வந்தது. ரோட்டில் ஓடும்போது திடீர்னு நிக்காது. ஆனா கணக்கு சைபருக்கு வந்த பிறகு ஒரு தடவை அணைச்சா, மறுபடி எடுக்கவே எடுக்காது.

இந்த மாதிரி டீசல் காரில் ரெண்டு டேங்க் இருக்கும். ஒண்ணு டீசலுக்கு, இன்னொன்று நீல மூடி போட்ட சின்ன டேங்க். அதில் ஊத்துறதுதான் ஆட்புளூ. யூரியா 32.5 சதவீதம், மீதி தாது நீக்கிய சுத்தமான தண்ணீர், அவ்வளவுதான். அது புகைக்குழாய்க்குள்ளே தெளிக்கப்பட்டு சூட்டில் அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியா புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாத்திடும். வேலை ஒழுங்கா நடக்குதான்னு சென்சார் பார்த்துக்கிட்டே இருக்கும். நடக்கலைன்னா விளக்கு.

விளக்கு எரியறதுக்கு முந்தின வாரம், கார் ஓட்டுற நம்ம தம்பி ஸ்டோரில் இருந்த கேனை எடுத்து ஊத்தியிருந்தான். அன்னதான வரிசையில் அத்தனை பேர் நிக்கிறப்போ, "கண்டதையும் ஊத்தி காரைக் கெடுத்துட்டியே, படிச்சுப் பார்த்து ஊத்தத் தெரியாதா?" என்று நான் கத்தினேன். "ஸ்டோர்ல இருந்த கேன்தான் அங்கிள்" என்றான். நான் காதில் வாங்கல. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரல. அதற்கு அடுத்த வெள்ளியும் வரல.

முதல் பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி20இஇ என்று கோட் வந்தது. புகையைச் சுத்தம் பண்ற வேலை போதுமான அளவு நடக்கலைன்னு அர்த்தம். சென்சார், பம்ப் எல்லாம் மாத்தணும், ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும்னு சொன்னார்கள். அந்தக் கோட் ரிசல்ட்டைத்தான் சொல்லுது, எந்தச் சாமான் கெட்டுப்போச்சுன்னு சொல்லல. அது அப்போ எனக்குப் புரியல. வாட்சாப் குழுவில் கேட்டேன், நீங்களும் ரெண்டே நாளில் 3,150 ரிங்கிட் சேர்த்துக் கொடுத்தீங்க. அதுக்குள்ள பட்டறையில் கோட்டை அழிச்சும் பார்த்தார்கள். 120 கிலோமீட்டர் ஓடினதும் விளக்கு திரும்ப வந்துடுச்சு.

நான் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மெஷின் அலாரம் அடிச்சா ரிசெட் பட்டனை அமுக்காதே, கடைசியா என்ன மாத்தினோம்னு முதல்ல கேளுன்னு 26 வருஷமா பையன்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கோயில் காருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சு. கடைசியா மாறினது அந்தக் கேன்தானே.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோருக்குப் போனேன். சிங்க் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி சூடு. எண்ணெய் டின் பக்கத்தில் அந்தக் கேனில் பாதி மீதம் இருந்தது. மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் அடிச்சது. புதுசில் இந்த அளவு நாத்தம் வராது. கேனில் போட்டிருந்த தேதியைப் பார்த்தா ரெண்டு வருஷம் தாண்டியிருக்கு. 30 டிகிரிக்குள்ளே வெச்சா ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்கும். 35 டிகிரியில் ஆறு மாசம்தான். அந்தக் கூரைக்குக் கீழே எத்தனை டிகிரின்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

அந்தக் கேனை மலிவா கிடைச்சதுன்னு வாங்கி வந்து அங்கே வெச்சது யாரு? நான்தான். அன்னைக்கு கமிட்டியில் பெருமையா வேற சொல்லிக்கிட்டேன்.

இருந்தாலும் நிச்சயம் பண்ணிக்கணும் இல்லையா? ஃபேக்டரியில் கூலண்ட் அளவு பார்க்கிற ரெஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு இருக்கு. அது யூரியாவுக்கான கருவி இல்லை, ஆனா ரெண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புது கேனில் ஒரு சொட்டு, பழையதில் ஒரு சொட்டு. ரெண்டு அளவும் ஒண்ணா இல்லை.

வேற ஒரு ஃபோர்மேன், வயசான சீன அங்கிள், "முதல்ல மலிவான வேலையைச் செய்வோம்" என்றார். டேங்கில் இருந்ததை முழுக்க உறிஞ்சி எடுத்து, புது ஆட்புளூ கொஞ்சம் ஊத்தி அலசினார். பைப் தண்ணி ஊத்தக்கூடாது, அதில் இருக்கிற தாது படிஞ்சு போய் உள்ளே கெடுத்துடும். தெளிக்கிற முனையில் உப்பு மாதிரி வெள்ளையா உறைஞ்சிருந்தது. அதைக் கழற்றி வெதுவெதுப்பான சுத்தத் தண்ணியில் கரைச்சார். புது ஆட்புளூ ஊத்தி, கோட்டை அழிச்சு, ஹைவேயில் 60 கிலோமீட்டர் ஓட்டினோம். இன்னைக்கு வரைக்கும் 900 கிலோமீட்டர் ஓடியாச்சு. விளக்கு வரல.

சென்சாரோ பம்போ கெட்டுப்போகவே போகாதுன்னு நான் சொல்ல வரல. பிரஷர் குறைவுன்னு கோட் வந்தா பம்ப், பில்டர், அடைப்பு இதையெல்லாம் பார்த்துத்தான் ஆகணும். இன்னொண்ணு, உங்க சொந்தக் காருக்கும் சொல்றேன். நீல மூடியில் டீசலோ, டீசல் டேங்கில் ஆட்புளூவோ தவறி ஊத்திட்டா சாவியைத் திருப்பவே திருப்பாதீங்க. டோ லோரியைக் கூப்பிடுங்க.

இந்த சிஸ்டத்தையே கட் பண்ணி விட்டுடலாம்னும் ஒருத்தர் யோசனை சொன்னார். ஆஸ்துமா உள்ள பாட்டிங்க ஏறி இறங்குற வாசலில் அந்தப் புகையை விட எனக்கு மனசு வரல.

மொத்தச் செலவு 412 ரிங்கிட். மீதி 2,738 பொருளாளர் கையில் இருக்கு. ரசீது நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கோம். திருப்பி வேணும்னா கூச்சப்படாமல் கேளுங்க.

தம்பி வீட்டுக்கும் போனேன். அவங்க அம்மா அம்மனுக்குப் பூ தொடுத்துக்கிட்டு இருந்தாங்க, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் காப்பி கொடுத்தாங்க. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. அவன் வெளியே வந்து, "கார் சரியாயிடுச்சா அங்கிள்?" என்று மட்டும் கேட்டான். அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். ஆனா நான் திட்டினது அத்தனை பேர் முன்னாடி. அதனால இங்கேயும் கேட்கிறேன். தம்பி, தப்பு என்னுடையது. உன்மேல ஒரு தப்பும் இல்லை.

புது கேன் இனிமேல் ஆபீஸ் ரூமில், கீழ் தட்டில் இருக்கும். வாங்கின தேதியை மார்க்கரில் எழுதியிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு கார் கிளம்பும், தம்பிதான் ஓட்டுறான். பெரியவங்க வழக்கமான இடத்தில் நில்லுங்க. மழை வந்தா போன் பண்ணுங்க, வீட்டு வாசலுக்கே வருவான்.