முதல் ஆறு எழுத்துகள்
சித்தூர் எல்லைச் சிற்றூர் ஒன்றில் வீட்டுப் பகுதிகளுக்கு வழங்கும் சொற்களை ஆட்டோகேட் வரைபடங்களில் குறித்துத் தந்த நண்பர் இன்று நம்மிடையே இல்லை. அவர் விட்டுச் சென்ற கோப்பை ஆய்வகக் கணினி திறக்க மறுத்தது. நோட்பேடில் திறந்தபோது, புரியாத குறிகளுக்கு முன்னே ‘ஏசி1032’ என்றிருந்தது. டிடபிள்யூஜி கோப்பின் முதல் ஆறு எழுத்துகள், கல்வெட்டின் எழுத்தமைதியைப் போல, அதன் காலத்தை உணர்த்துபவை: 1027 எனில் 2013ஆம் ஆண்டின் வடிவம், 1032 எனில் 2018இன் வடிவம். ஆய்வகத்தில் இருந்ததோ 2015ஆம் ஆண்டு மென்பொருள். கோப்பில் பழுதில்லை. புதிய பதிப்புள்ள கணினியில் திறந்து, 2013 வடிவத்தில் சேமித்ததும், திண்ணையும் முற்றமும் அவற்றின் வழக்குச் சொற்களோடு மீண்டன. அந்த ஆறு எழுத்துகளே சிதைந்திருப்பின், ‘ரெக்கவர்’ கட்டளையை முயலலாம்; உடனிருக்கும் ‘பேக்’ கோப்பின் பின்னொட்டை ‘டிடபிள்யூஜி’ என மாற்றியும் திறந்து பார்க்கலாம். எதையும் அழிப்பதற்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள்.