எத்தனை பவுன்? - தங்க வர்த்தகமும் ஒரு வகுத்தல் கணக்கும்

தங்கம் ஏறுமா, இறங்குமா? இதைக் கேட்காத ஆளே கிடையாது. ஆனால் "எவ்வளவு வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கமாடிட்டியில் கையைச் சுட்டுக்கொள்பவர்களில் பலர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்கள் என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் அடிப்படை. எம்.சி.எக்ஸ். சந்தையில் தங்கம் பல சைஸ்களில் கிடைக்கிறது. பெரியது 1 கிலோ. மினி என்பது 100 கிராம். கினி 8 கிராம், அதாவது நம் ஊர் ஒரு பவுன். பெட்டல் 1 கிராம். 10 கிராமுக்கு 100 ரூபாய் விலை நகர்ந்தால் கிலோ லாட்டில் 10,000 ரூபாய், மினியில் 1,000, கினியில் 80, பெட்டலில் வெறும் 10. விலை ஒன்றுதான், அடி மட்டும் வேறு வேறு!

என் சித்தப்பாவிடம் 1 லட்சம் ரூபாய் இருந்தது. "ஒரு மினி லாட் வாங்க மார்ஜின் போதுமாம்டா. நீதான் பி.காம் படிக்கிறியே, சொல்லு" என்றார். நான் தயங்கியதும், "தங்கம் எங்க போயிடும்? விலை குறைஞ்சா வெச்சிருப்போம், ஏறினதும் வித்துடுவோம்" என்றார்.

இங்கேதான் சிக்கலே. பீரோவில் இருக்கும் நகைக்கு இது சரி. விலை இறங்கினால் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். ஃபியூச்சர்ஸில் நஷ்டத்தை அன்றன்றைக்கே கணக்கில் கழித்துவிடுவார்கள். மார்ஜின் குறைந்தால் பணம் கட்டு என்பார்கள், கட்டாவிட்டால் அவர்களே விற்றுவிடுவார்கள். விலை திரும்ப ஏறும்போது நம் கையில் ஒன்றும் இருக்காது.

கணக்குக்காக 10 கிராம் 1 லட்சம், மார்ஜின் 10% என்று வைத்துக்கொள்வோம். ஒரு மினியின் மதிப்பு 10 லட்சம். சித்தப்பாவின் மொத்தப் பணமும் மார்ஜினுக்கே சரி. விலை 1% இறங்கினால் அவர் முதலில் 10% காலி.

சரி, எவ்வளவு வாங்குவது? ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

1. ஒரு முறை தவறினால் எவ்வளவு இழக்கலாம்? முதலில் 2% என்றால் 2,000 ரூபாய்.
2. ஸ்டாப் லாஸ் எவ்வளவு தூரத்தில்? 10 கிராமுக்கு 800 ரூபாய் என்போம். கினிக்கு அது 640.
3. 2,000-ஐ 640-ஆல் வகுத்தால் 3.1. அதாவது 3 கினி, 3 பவுன்.

அதே ஸ்டாப் லாஸ் ஒரு மினியில் அடித்தால் 8,000 போகும். மார்ஜினை மட்டும் பார்த்தால் 12 கினி கூட வாங்கலாம். ஆனால் மார்ஜின் சொல்வது, சந்தை நம்மை எவ்வளவு அனுமதிக்கும் என்பதை. நம்மால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை அது சொல்லாது.

2% ரொம்பக் கஞ்சத்தனம் என்று தோன்றுகிறதா? தொடர்ந்து 10 முறை தோற்றால் 1 லட்சத்தில் சுமார் 81,700 மிஞ்சும். ஒவ்வொரு முறையும் 10% பணயம் வைத்தால் மிஞ்சுவது சுமார் 34,900. பழைய இடத்துக்கு வர 187% சம்பாதிக்க வேண்டும்!

ஸ்டாப் லாஸ் இருந்தால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். 2013 ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமையும் 15 திங்கட்கிழமையும் உலகச் சந்தையில் தங்கம் படுவீழ்ச்சி கண்டது. திங்கட்கிழமை மட்டும் 9% அளவுக்கு. நடுவில் இருந்த சனி, ஞாயிறில் அங்கே யாருடைய ஸ்டாப் லாஸும் வேலை செய்திருக்காது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15%-லிருந்து 6% ஆனது. அன்று ஒரே நாளில் இங்கே 10 கிராமுக்கு சுமார் 4,000 ரூபாய் சரிந்தது. ஸ்டாப் லாஸ் போடாமல் ஒரு மினி வைத்திருந்தவருக்கு 40,000 நஷ்டம். 3 கினி வைத்திருந்தவருக்கு 9,600. வலிக்கும், ஆனால் ஆள் பிழைத்துக்கொள்வார். ஸ்டாப் லாஸ் கைவிடும் நாளில் காப்பாற்றுவது லாட் எண்ணிக்கை மட்டுமே.

இன்னொன்று. தங்கம் 3 கினி, கூடவே கொஞ்சம் வெள்ளி என்று வாங்கினால் ரிஸ்க் பிரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான நாட்களில் இரண்டும் சேர்ந்தே விழும். அந்த 2%-ஐ இரண்டுக்கும் பங்கு போடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு சித்தப்பா, "மூணு பவுனுக்கா இவ்வளவு கணக்கு? இதுல என்ன கிடைக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. பெரிதாகக் கிடைக்காது தான். அது போதவில்லை என்று லாட்டைக் கூட்டுவதுதான் வினையே.

அப்புறம்தான் தெரிந்தது, அந்த 1 லட்சம் ஜூனில் தங்கச்சிக்குக் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸ் என்று. தேதி குறித்த பணத்துக்கு என் கணக்கு உதவாது. ஏனென்றால் அதில் இழக்கக்கூடிய தொகையே பூஜ்யம். பூஜ்யத்தை எந்த ஸ்டாப் லாஸால் வகுத்தாலும் வருவது பூஜ்யம் தான். அதை அப்படியே சொன்னேன். அவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம் தான். ஆனாலும் பணம் பேங்கில் டெபாசிட்டாக இருக்கிறது. எனக்கு அது போதும்.