பெண்டு எடுக்கும் பட்டறை

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளால் பெயர்பெற்ற இடம். கதவும் பம்பரும் இன்ஜினும் நடைபாதைவரை அடுக்கிக் கிடக்கும். அந்த நெரிசலில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் பெண்டு எடுக்கும் பட்டறைகள் எளிதில் கண்ணில் படாது. நான் தேடிப்போன பட்டறை ஓர் ஆட்டோ நுழையும் அகலம்தான். இரும்புச் சட்டத்தில் பொருத்திய ஹைட்ராலிக் ஜாக்கி, தேய்ந்த மேசை, சுவரோரம் சாத்திவைத்த ஃபோர்க் பைப்புகள், இவற்றுக்கு நடுவே பாய். சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலைத் திருப்பம் ஒன்றில் கொட்டிக்கிடந்த மணலில் என் ஸ்பிளெண்டரின் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. வேகம் அதிகமில்லை. முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்தது, தோள்பட்டை வலித்தது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஹேண்டில்பாரை நேராகப் பிடித்தால் சக்கரம் இடப்பக்கம் திரும்பி நின்றது. முதலில் பார்த்த மெக்கானிக், ஃபோர்க் செட்டையே புதிதாக மாற்ற வேண்டும் என்றார்.

பாய் எடுத்தவுடன் ஜாக்கியின் பக்கம் போகவில்லை. ஃபோர்க்கைக் கவ்வியிருக்கும் போல்ட்டுகளையும் முன்சக்கர ஆக்சில் நட்டையும் தளர்த்தினார். வண்டிக்கு எதிரே நின்று சக்கரத்தை இரு முட்டிகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகினார். பிறகு முன்பக்கத்தைச் சில தடவை அழுத்தி அழுத்தி விட்டு, நட்டுகளை மறுபடி முடுக்கினார்.

“நிறைய வண்டிக்கு இதோட வேல முடிஞ்சுடும் சார். பைப் வளைஞ்சிருக்காது, கிளாம்ப்புக்குள்ள முறுக்கிக்கிட்டு நிக்கும். அதுக்குப் போயி செட்டு மாத்தச் சொல்லுவாங்க.”

என் வண்டிக்கு அதோடு முடியவில்லை. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை இரு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்தார். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே நூல். சேஸ் நேராக இருந்தது. ஹேண்டில்பார் கழுத்துக்குக் கீழே வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். அந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் அடியில் இரும்பு விரிசல் விட்டிருக்க வாய்ப்புண்டு. அதுவும் இல்லை. கோளாறு இடப்பக்கப் பைப்பில் இருந்தது.

பைப்பைக் கழற்றி, ஆயிலை வடித்து, துடைத்து, இரண்டு வி-பிளாக்குகளின் மேல் கிடத்தி, டயல் கேஜின் முனையை அதன்மேல் வைத்தார். கையால் மெதுவாக உருட்ட உருட்ட முள் ஏறி இறங்கியது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. முள் காட்டுவதில் பாதிதான் உண்மையான வளைவு என்பதையும் பாய்தான் சொன்னார். பைப் ஒரு சுற்று உருளும்போது வளைவு ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் வருவதால் கணக்கு இரட்டிப்பாகத் தெரிகிறது. முள் அதிகம் ஏறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

அதற்கடுத்த வேலையைப் பார்ப்பதற்காகவே ஒருவர் புதுப்பேட்டைக்குப் போகலாம். பைப்பின் குரோம் பூச்சில் கீறல் விழாமல் இருக்க அடியிலும் மேலேயும் பித்தளைக் கட்டைகளை வைத்து ஜாக்கியை அழுத்துகிறார். எஃகு அழுத்தினால் வளையும், விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் நேர்க்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் சற்று வளைத்தால்தான், விடும்போது நேராக வந்து நிற்கும். எவ்வளவு தாண்டுவது என்பதற்கு அட்டவணை எதுவும் அவரிடம் இல்லை. பைப்பின் கனம், முன்பு ஒருமுறை நிமிர்த்தப்பட்டதா என்பது, ஜாக்கிக் கைப்பிடியில் உணரும் எதிர்ப்பு, இவற்றை வைத்து அவர் கை முடிவுசெய்கிறது. கொஞ்சம் அழுத்தம், மறுபடி கேஜ், மறுபடி அழுத்தம். சூடுகாட்டி நிமிர்த்தவே மாட்டார். சூட்டில் எஃகின் வலு போய்விடும், குரோமும் உரியும். குரோம் உரிந்த பைப் ஆயில் சீலை அறுக்கும், கசிகிற ஆயில் பிரேக்கில் இறங்கும்.

நான் அங்கே இருந்தபோது உணவு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர் பைப்போடு வந்தார். பாய் அதை வாங்கி நகத்தால் நீவினார். ஓரிடத்தில் நகம் தடுக்கியது. வளைவின் உள்பக்கம் மெல்லிய மடிப்பு.

“இது ஆவாது தம்பி.”

“இன்னிக்கு ஒரு நாள் ஓட்டுற மாதிரி பண்ணிக் குடுங்க பாய். நாளைக்கு மாத்திடறேன்.”

“மடிப்பு விழுந்தா நிமித்தக் கூடாதுப்பா. நிமித்திடுவேன், பாக்க நல்லா இருக்கும். ஸ்பீட் பிரேக்கர்ல உடையும்.”

அந்த இளைஞருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். அது பாய்க்கும் தெரியும். கூலியை விட்டுக்கொடுத்து, தானே எழுந்து போய், நாலு கடை தள்ளி ஒரு பழைய பைப்பைப் பொறுக்கி, கேஜில் உருட்டிப் பார்த்து வாங்கிவந்தார். செய்யக் கூடாத வேலையை மறுப்பதுதான் இந்தத் தொழிலின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். வளைந்த பைப்பை நிமிர்த்தப் பலருக்கும் தெரியும்.

அலுமினிய வார்ப்புப் பாகங்களையும் விரிசல் விட்ட அலாய் சக்கரங்களையும் பாய் தொடுவதில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானபின் சக்கரத்தோடு சென்சாரும் வளையமும் சேர்ந்துகொண்டன. வளையம் லேசாக நெளிந்தாலும் மீட்டரில் விளக்கு எரியும். அந்த வண்டிகள் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகின்றன, அங்கே செட்டாக மாற்றிவிடுகிறார்கள் என்றார்.

என் வண்டியைப் பூட்டி முடித்ததும் பாய் ஹெல்மெட்டைக் கேட்டார். நான் விழுந்தபோது அது தரையில் இடித்திருந்தது. வெளியே ஒரு சிராய்ப்புதான். அவர் உள்துணியை விலக்கிக் காட்டிய இடத்தில் தெர்மாகோல் அமுங்கியிருந்தது. அடியைத் தான் வாங்கிக்கொண்டு நசுங்குவதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கினால் பழையபடி உப்பாது, அடுத்த அடியை அதே இடத்தில் தாங்காது. “இத மாத்திடுங்க சார். இதுக்கு பெண்டு எடுக்க முடியாது” என்றார்.

டிடி ஊசி போட்டாயிற்றா என்றும் கேட்டார். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மணலை நீக்கி, அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். தோல் சீக்கிரம் ஆறிவிட்டது. பயம்தான் தாமதித்தது. திருப்பம் வந்தாலே கை விறைத்து, பிரேக்கை இறுக்கினேன். விறைத்த கை வண்டியைச் சாயவிடாது, முன்பிரேக்கை இறுக்கினால் மணலில் மறுபடி வழுக்கும். விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் தோளைத் தளர்த்தி ஓட்டிப் பழகச் சொன்னார் பாய். அதுதான் பலன் தந்தது.

அந்தப் பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தவர் ஒருவருமில்லை. அழுத்தத்தில் குரோம் சில்லு தெறித்தால் கண்ணுக்குத்தான் போகும். உதவிக்கு நிற்கும் தம்பி ரப்பர் செருப்போடு நிற்கிறான். இவர்களுக்கென்றே தமிழ்நாட்டில், அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதிந்துகொண்டால் விபத்து உதவியும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும், 60க்குப் பின் ஓய்வூதியமும் கேட்க வழியுண்டு. பாய் பதிந்திருக்கிறார். தம்பி அப்படியொன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

உங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் அடுத்த முறை போகும்போது, வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், இணையத்தில் விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.