கியர் ராடு ஏன் அவ்வளவு நீளம்?

டவுன் பஸ்ல டிரைவருக்குப் பக்கத்துல, என்ஜின் மூடிக்கு ஓரமா உட்கார்ந்து போயிருக்கீங்களா? பஸ் ஸ்டாண்டுல வண்டி சும்மா நின்னு உறுமிக்கிட்டு இருக்கும்போதும் அந்த நீளக் கியர் ராடு தன்பாட்டுக்கு நடுங்கிக்கிட்டே இருக்கும். டிரைவர் கிளட்சை மிதிச்சு, உள்ளங்கையை அந்தக் குமிழ் மேல வெச்சதும் நடுக்கம் அடங்கும். துள்ளுற காளையோட திமில்ல கை வெச்ச மாதிரி. அதைப் பாக்குறதுக்குன்னே சின்ன வயசுல முன் சீட்டுக்கு அடிச்சுக்குவோம். இப்ப நகரத்துல நீங்க ஓட்டுற கார்ல கியர் ராடு ஒரு சாண் உயரம் இருந்தாலே அதிகம்.

இந்த ராடை ரெண்டு அடி, மூணு அடின்னு வளத்து விட்டு, அதையே வண்டிக்கு அழகுன்னு வெச்சிருக்கிற ஒரு கூட்டம் அமெரிக்காவுல இருக்குன்னு எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாலதான் தெரிஞ்சது. மகன் ஃபோன்ல காட்டினான். மட்கார்டு இல்லை, பானெட் இல்லை, கூரை இல்லை. குளிக்கிற தொட்டி மாதிரி ஒரு உடம்பு, முன்னால அம்மணமா ஒரு பெரிய என்ஜின். நடுவுல கொடிக்கம்பம் கணக்கா கியர் ராடு, உச்சியில மண்டையோடு. "இது என்னடா கோமாளித்தனம்"னுதான் முதல்ல சொன்னேன். ராத்திரி மோட்டாருக்குக் கரண்டு வர்ற வரைக்கும் கட்டில்ல கிடக்கும்போது வேற என்ன வேலை? அதையே தோண்டித் தோண்டிப் படிச்சேன்.

அந்த வண்டிக்குப் பேரு ஹாட் ராடு. ஆரம்பிச்சது பணக்காரங்க இல்லை. 1930-கள்ல தெற்கு கலிஃபோர்னியாவுல கையில காசில்லாத இளவட்டப் பசங்க, பழைய ஃபோர்டு வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி, கனம் குறைய கழட்டுறதையெல்லாம் கழட்டிட்டு, என்ஜினைத் தட்டிக்கொட்டி வேகம் ஏத்தினாங்க. ஓட்டிப் பாக்க மொஹாவே பாலைவனத்துல முராக், எல் மிராஜ்னு வறண்ட ஏரிங்க. நம்ம ஊர்க் குளத்தைச் சித்திரை மாசத்துல பாக்குற மாதிரிதான், ஆனா மைல் கணக்குல பலகை போட்டாப்ல சமதரை. 1937-ல இதுக்குன்னு தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்னு ஒரு சங்கமே அமைச்சாங்க. ரெண்டாவது உலகப் போர் முடிஞ்சு பட்டாளத்துல இருந்து திரும்பினவங்க பட்டறை வேலையும் கத்துக்கிட்டு வந்தாங்க, கையில கொஞ்சம் காசும் இருந்துச்சு. கூட்டம் பெருத்துப் போச்சு. 1948-ல 'ஹாட் ராடு'ங்கிற பேர்லயே பத்திரிகை வந்துருச்சு.

இதுல ஒரு வேடிக்கை. ஃபோர்டோட டி மாடல் 1908-ல இருந்து 1927 வரைக்கும் 1.5 கோடி வண்டிக்கு மேல வந்தது. அதுல நாம நினைக்கிற கியர் ராடே கிடையாது. காலடியில மூணு பெடல். இடது பெடல்தான் கியர், நடுவுல இருக்கிறது ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்ஸிலேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழ, கையால தள்ளுறது. அடுத்து வந்த ஏ மாடல்லதான் தரையில இருந்து ராடு முளைக்குது. முன்னால போக மூணு கியர், பின்னால போக ஒண்ணு. 1932-ல வி8 என்ஜின் வெச்ச வண்டி வந்தது, 65 குதிரை சக்தி. ஹாட் ராடுக்காரங்களுக்கு அதுதான் குலதெய்வம்.

சரி, ராடு ஏன் நீளமாச்சு? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அந்தக் காலத்து ராடு கியர் பாக்ஸ் மூடியில இருந்து நேரா மேல வர்றது. இடையில வேற கம்பி, கேபிள் எதுவும் கிடையாது. மூடிக்குள்ள ஒரு பந்து முட்டு இருக்கும், ராடு அதுல அசையும். முட்டுக்குக் கீழ இருக்கிற நுனி, கவட்டை மாதிரி இருக்கிற ஒரு இரும்பைத் தள்ளும். அது பல் சக்கரத்தை நகத்தும். கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்க்கிற அதே சங்கதிதான். கணக்குக்குச் சொல்றேன், முட்டுக்குக் கீழ 2 அங்குலம், மேல 16 அங்குலம்னா உங்க கை பலம் 8 மடங்கு. மேல 32 அங்குலம்னு ஆக்கினா 16 மடங்கு. ஏ மாடல்ல பல்லோட பல்லு இணக்கமாச் சேர உதவி செய்யற சிங்க்ரோமெஷ் கிடையாது. நடுவுல கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு, என்ஜின் சத்தத்தைக் காதால கேட்டு, சமயம் பாத்துத் தள்ளணும். அந்த மாதிரி முரட்டுப் பொட்டிக்கு நீள ராடு சும்மா வரலை.

இன்னொண்ணு எட்டுற தூரம். என்ஜினை ஒட்டினாப்ல கியர் பாக்ஸ் இருக்கும். அதனால ராடு முளைக்கிற இடம் டிரைவரோட முழங்காலுக்கும் முன்னால. லாரியிலயும் பழைய காரிலயும் அதை வளைச்சு நீட்டித்தான் கைக்குக் கொண்டுவருவாங்க. ஹாட் ராடுக்காரங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க. வண்டி தரையைத் தொட்டுக்கிட்டு ஓடணும்னு சேஸிஸுக்கு மேல இருக்க வேண்டிய உடம்பை, அடித்தட்டை வெட்டிக் கீழ இறக்கினாங்க. சீட்டையும் தரையோட தரையா வெச்சாங்க. கூடவே வேற கம்பெனியோட பெரிய என்ஜினை உள்ள திணிச்சாங்க. இவ்வளவு அக்கிரமம் பண்ணின வண்டியில கம்பெனி ராடு எப்படிக் கைக்கு எட்டும்? வெட்டி, ஒட்டு வெச்சு, சூடு பண்ணி வளைச்சுத்தான் ஆகணும்.

இதுக்கு நடுவுல கம்பெனிக்காரங்க ராடையே தரையில இருந்து எடுத்துட்டாங்க. 1939-தான் ஃபோர்டு கார்ல தரை ராடு வந்த கடைசி வருசம். 1940-ல அது ஸ்டியரிங்குக்குக் கீழ போயிருச்சு. முன் சீட்டுல மூணு பேரு காலை நீட்டி உட்காரலாம்ல. நம்ம பழைய அம்பாசடர்ல இருந்த கை கியர் ஞாபகம் இருக்கா? அதே ஏற்பாடுதான். நாலு கம்பி, நாலு மூட்டு தாண்டித்தான் கையோட சேதி கியர் பாக்ஸுக்குப் போகும். மூட்டு தேஞ்சா ரெண்டு கியருக்கு நடுவுல மாட்டிக்கும். டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்து கையால தட்டி விட்டுட்டு வருவாரு, கல்யாண வண்டியா இருந்தாலும். பந்தயத்துல போறவனுக்கு இது ஒத்து வருமா? அதனாலதான் 1939-ஓட தரை ராடு கியர் பாக்ஸைத் தேடித் தேடி வாங்கினாங்க. அதுக்கு இன்னைக்கும் கிராக்கி.

1950-கள் கடைசியில ஜார்ஜ் ஹர்ஸ்ட்னு ஒருத்தர் பென்சில்வேனியாவுல, ஸ்டியரிங் கியரைத் தரைக்கு மாத்துற சாமானைச் செஞ்சு வித்தாரு. பிய்யாத, நழுவாத கெட்டி வேலைன்னு பேரு. 1964-ல பாண்டியாக் ஜிடிஓ காருக்குக் கம்பெனியிலேயே அவரோட ராடைப் போட்டாங்க. அவரைப் பத்தி இன்னொரு சேதியும் சொல்லணும். நசுங்கின வண்டியில மாட்டினவங்களை மீட்க, இரும்பைப் பிளந்து வழி பண்ற ஹைட்ராலிக் கருவி தீயணைப்புக்காரங்ககிட்ட இருக்கே, அதை முதல்ல கொண்டுவந்ததும் இந்த ஆளுதான். பந்தயத்துல அடிபட்டவனை வெளியில எடுக்க ஆன நேரத்தைப் பாத்துட்டுச் செஞ்சாராம். கியர் ராடைவிட அது பெரிய வேலை.

ஆனா ஒரு உண்மையை ஒளிக்கக் கூடாது. வேகமா கியர் மாத்த நீள ராடு லாயக்கில்லை. பலம் ரெண்டு மடங்கு ஆனா கை நகர வேண்டிய தூரமும் ரெண்டு மடங்கு ஆகும். முன்ன சொன்ன கணக்குல 4 அங்குலம் தள்ளினது இப்ப 8 அங்குலம். பந்தயக்காரனுக்கு வேண்டியது கட்டையா, வெடுக்குனு விழுற ராடு. அப்போ ரெண்டு அடி, மூணு அடியெல்லாம் எதுக்கு? அதுக்குப் பட்டறையில பதில் கிடைக்காது, படத்துலதான் கிடைக்கும்.

எட் ராத்னு ஒரு ஆளு. 1932-ல பிறந்து 2001-ல போயிட்டாரு. 'பிக் டாடி'ன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். கார் கண்காட்சியில உட்கார்ந்து, கேக்குறவங்களுக்கு டி-ஷர்ட்டுல மை பீச்சிப் படம் போட்டுக் கொடுப்பாரு. ராட்சசன் ஒருத்தன், முழி பிதுங்கி, ரத்தச் சிவப்பாக் கண்ணு, நாக்கு தொங்கும், கோணல் பல்லு. அவன் ஒரு குட்டிக் காருக்குள்ள அடங்காம பிதுங்கிக்கிட்டு நிப்பான். ஒரு கை வானத்தைப் பாத்து உசந்திருக்கும், அந்தக் கையில அவன் உயரத்துக்குக் கியர் ராடு! பின்னால டயர் புகை. அவரோட 'ராட் ஃபிங்க்'ங்கிற எலியும் இந்த ஜாதிதான். பள்ளிக்கூடப் பசங்க பைத்தியமாத் திரிஞ்சாங்க. பொம்மைக் கம்பெனி அதை ஒட்டுற மாடலாவும் விட்டுச்சு. அந்தப் படத்தைப் பாத்து வளந்தவன் வண்டி கட்டும்போது ராடைக் குட்டையாவா வெப்பான்? தேவைக்கு வளந்த ராடு படத்துக்குள்ள போயி, அங்க இன்னும் வளந்து, திரும்ப இரும்பா இறங்கி வந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

கண்ணுக்குத் தெரியறதும் ஒரு காரணம். டி மாடல் தொட்டியை வெச்சுக் கட்டின வண்டியில கூரையும் கிடையாது, பக்கமும் தாழ்வு. ரோட்டுல நிக்கிறவனுக்கு உள்ள இருக்கிறது அத்தனையும் தெரியும். 1958-ல ஆரம்பிச்ச ஒரு டிவி தொடர்ல நார்ம் கிராபோவ்ஸ்கி கட்டின அப்படி ஒரு வண்டி வந்து நாடு முழுக்கப் பிரபலமாச்சு. மரத்துல மண்டையோடு செதுக்கிக் கியர் ராடுல மாட்டுறதுல அவரு பேர் போனவரு. அப்புறம் வந்தவங்க ஸ்பேனரை வெச்சாங்க, சங்கிலிக் கண்ணியை வெல்டு அடிச்சு நிமித்தி வெச்சாங்க, பீர் குழாய்க் கைப்பிடியைக்கூட விடலை. துருப் பிடிச்சதைத் துடைக்காம அப்படியே விட்டுக் கட்டுற வண்டிக்கு ராட் ராடுன்னு தனிப் பேரு. எலி ராடுன்னு அர்த்தம்.

இதையெல்லாம் ஒரு சம்சாரி ஏன் இவ்வளவு படிக்கணும்னு கேட்பீங்க.

எனக்குச் சக்கரை உண்டு. போன வருசம் வலது தோள்பட்டை இறுகிப் போச்சு. கை முன்னால நீளாது, சட்டை போடவே வீட்டுக்காரம்மா வரணும். சக்கரைக்காரங்களுக்கு இது வர்றதுதான், ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்மகிட்ட இருக்கிறது பழைய மாசே டிராக்டர். கியர் ராடு ரெண்டு காலுக்கும் நடுவுல, கியர் பாக்ஸ் மூடி மேலயே நிக்கும். ஸ்டியரிங் பக்கமா குனிஞ்சு தள்ளணும். தள்ளினா உசுரு போயி வரும். "வித்துடலாம்ப்பா, வாடகைக்கு ஓட்டிக்கலாம்"னான் மகன். அவன் சொல்றதும் தப்பில்லை. ஆனா நாலு ஏக்கர் மானாவாரி. மழை பெஞ்ச ரெண்டாம் நாள் எல்லாருக்கும் டிராக்டர் வேணும். வாடகைக்காரர் இருபது ஏக்கர்க்காரரை முடிச்சுட்டு நம்ம காட்டுக்கு வர்றப்ப மண்ணுல ஈரம் இருக்காது. போன ஆடியில பக்கத்துத் தோட்டத்துல அப்படித்தான் சோளம் பாதி முளைக்கலை.

அந்த அமெரிக்காக்காரன் ராடு அப்பத்தான் புத்தியில தட்டுச்சு. லேத்துப் பட்டறையில படத்தைக் காட்டினேன். அந்தத் தம்பி சிரிச்சுட்டு, ராடை மேல அறுத்து, ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டிக் கம்பி ஒட்டு வெச்சு, ஸ்டியரிங்ல இடிக்காம சீட்டுப் பக்கமா வளைச்சுக் கொடுத்தாரு. கை இப்ப தொடை மேல இருந்தாலே எட்டுது. முன்ன உதைச்சுத் தள்ளின கியர் ரெண்டு விரல்ல விழுது. நாலு விரக்கடை கூடுதலாத் தள்ளணும், அவ்வளவுதான். டிராக்டர்ல என்ன பந்தயமா ஓட்டுறோம்? கியர் மாத்த நிப்பாட்டித்தான் ஆகணும். இந்த ஆடிப்பட்டத்துக்கு நாலு ஏக்கரையும் நானே ஓட்டி விதைச்சேன். விக்கிற பேச்சை மகன் அப்புறம் எடுக்கலை.

இன்னொரு சேதியும் படிச்சேன். இப்ப கட்டுற ஹாட் ராடுகள்ல நிறைய வண்டியில இருக்கிறது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸாம். ஒரு தடவை தள்ளி விட்டா அதுவே மாத்திக்கும், சுண்டு விரல் போதும். அதுக்கும் ரெண்டு அடிக்கு ராடு செஞ்சு விக்கிறாங்க, வாங்கவும் ஆள் இருக்கு. முதல்ல "சே"ன்னு ஆச்சு. அப்புறம் எங்க ஊர்ல மாடு இல்லாத வீட்டுத் திண்ணையில சாத்தி வெச்சிருக்கிற சாட்டைக் கம்பெல்லாம் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணும் சொல்லத் தோணலை.

நம்ம ராடுக்கும் மண்டையோடு மாட்டலாம்னு பேரன் கேட்டான். ஆயா சம்மதிக்கலை. கருவேலங்கட்டையில உருண்டை ஒண்ணு கடைஞ்சு மாட்டியிருக்கு. எண்ணெய் தடவத் தேவையில்லாம கை பட்டே மினுமினுப்பு ஏறிக்கிட்டு வருது.